சங்கிலி பார்த்த சிறகி

காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த சங்கிலிக்கு ஒரே ஆசை: பறவைகளைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஐப்பசி மழையில் ஊரின் இரண்டு கண்மாய்களும் நிரம்பி, நாரையும் சிறகி வாத்தும் வந்து இறங்கிவிட்டால் போதும், விடிந்தும் விடியாமலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கரையைச் சுற்றக் கிளம்பிவிடுவார். என்ன, மனுஷனுக்கு வாய் மூடாது. ஆள் கிடைக்காவிட்டால் வேப்பமரத்திடம் பேசுவார். அதனால் அவர் பார்த்ததெல்லாம் பறந்துபோகிற பறவைகளைத்தான்.

"இவுக தொண்டைக்குப் பயந்தே கொக்கெல்லாம் சின்னமனூருக்குக் குடிபோயிருச்சு" என்பாள் மனைவி ஜக்கம்மா.

எழுபத்து நாலாம் வருஷம், போடி ஏலக்காய் வியாபாரி ஜேசுராஜ் ரெட்டைக்குழல் துப்பாக்கியோடு காரில் வந்து இறங்கினார். சங்கிலியின் மகன் வேலை பார்ப்பது அவர் கடையில்தான்.

"சிறகிக் கறி தின்னு நாளாச்சு. எங்கன கூட்டமா கெடக்குன்னு உமக்குத்தான் தெரியுமாமே?"

முடியாதென்றால் மகனுக்கு வேலை போகும். கூட்டிப்போனால் சிறகி சாகும். சங்கிலி அழாத குறைதான்.

"வாங்க மொதலாளி" என்று முன்னால் நடந்தார். நடந்துகொண்டே ஆரம்பித்தார். திராட்சைக்கு வந்த சாம்பல் நோய், ஜக்கம்மாவின் மூட்டுவலி, கம்பத்து டவுன் பஸ்ஸின் லட்சணம், சம்பந்தி வீட்டு உப்பில்லாத சாம்பார் என்று அத்தனையும் உச்சக் குரலில். வளைவுக்கு வளைவு பறவைகள் முன்கூட்டியே எழும்பிப் போயின. ஜேசுராஜ் துப்பாக்கியைத் தூக்குவதும் இறக்குவதுமாகப் பின்னால் வந்தார்.

"யோவ், செத்த நேரம் வாய மூடும்யா!"

"மூடிட்டேன் மொதலாளி. எங்க மாமனாரும் இப்படித்தான் சொல்வாக. அவுக கதை தெரியுமா..."

இரண்டாவது கண்மாயின் கடைசி மடையில், மாமனார் கதையும் முடிந்து, சங்கிலிக்குப் பேச்சே தீர்ந்துபோனது. பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. கோரைப்புல் ஓரமாகச் சிறகிகள் குஞ்சுகளோடு இறகு கோதிக்கொண்டிருந்தன, எட்டிப் பிடிக்கிற தூரத்தில். ஒன்று தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது. அதன் கண்ணைச் சுற்றி மெல்லிய மஞ்சள் வளையம் இருப்பதை அன்றுதான் கண்டார். என்ன அழகு! இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்க விட்டிருந்தால் சொத்தையே எழுதிக் கொடுத்திருப்பார்.

பின்னால் துப்பாக்கி உயர்ந்தது. சங்கிலி தொபுக்கென்று தண்ணீரில் குதித்தார். சிறகிகள் சீழ்க்கையடித்துக்கொண்டு எழும்ப, குஞ்சுகள் கோரைக்குள் மறைந்தன.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு "முங்குறேன், முங்குறேன்" என்று கத்தியவரை, ஜேசுராஜ் துப்பாக்கியைக் கரையில் போட்டுவிட்டுக் கைகொடுத்துத் தூக்கினார்.

"கால் வழுக்கிருச்சு மொதலாளி."

"உம்ம மகனாவது ஒழுங்கா நடக்கானேன்னு சந்தோஷப்பட்டுக்கிறேன்" என்று அவர் காரில் ஏறிவிட்டார்.

வீட்டில் ஜக்கம்மா சேறு படிந்த வேட்டியைப் பிழிந்தபடி கேட்டாள்: "இப்பவாச்சும் பக்கத்துல பாத்துத் தொலைச்சீகளா?"

"பாத்துட்டேன்" என்றார். பொழுது சாயும்வரை வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. ஜக்கம்மா பயந்துபோய், கம்பத்திலிருந்து டாக்டரைக் கூட்டிவர ஆள் அனுப்பினாள்.