மகளுக்கு ஒரே இடம்

என் மகள் மணமாகிச் சென்று வாழ்ந்த ஊர், பின்லாந்தின் நடுப்பகுதியில், இரண்டு ஏரிகளுக்கு இடையே கிடக்கும் நீண்ட மணல்மேட்டின் மீது இருக்கிறது. பனிப்பாறைகள் உருகிப் பின்வாங்கிய காலத்தில் அவற்றின் அடியில் ஓடிய ஆறு விட்டுச்சென்ற மணல் அது. பணிக்காலம் முழுவதும் மலேசியாவில் புவியியல் கற்பித்தவன் நான். அத்தகைய மேடுகளைக் கரும்பலகையில் பலமுறை வரைந்திருக்கிறேன். அவற்றுள் ஒன்றின் மீது நடந்து, தேவாலயத்தின் பின்னறை அலமாரியில் இருக்கும் மகளின் சாம்பலைப் பார்க்கச் செல்வேன் என்று நினைத்ததில்லை.

தொலைபேசியில் அவள் ஊரைப் பற்றித்தான் அதிகம் சொல்வாள். வீட்டுக்கு வீடு ஒரு நீராவி அறை. சனிக்கிழமை மாலை அதில் அமர்ந்து வியர்த்துவிட்டு ஏரியில் இறங்குவார்கள். மரமறுக்கும் ஆலையின் சங்கு ஊதினால் ஊரே சாப்பிட உட்காரும். விருந்தாளியிடம் ஓயாமல் பேசுவது அங்கே மரியாதைக் குறைவு. "உங்களுக்குன்னே கட்டுன ஊருப்பா," என்று கேலி செய்வாள். வந்து பார்க்க வேண்டும் என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

வந்தபோது ஏரி உறைந்திருந்தது. அதன் மீது லாரி ஓடிக்கொண்டிருந்தது. அவள் மூளையில் இரத்தம் கசிந்து இறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

"மாமா," என்று தொடங்கினார் மருமகன். அந்த ஒரு தமிழ்ச் சொல்லை அவள் கற்றுக்கொடுத்திருந்தாள், மற்றதெல்லாம் ஆங்கிலம். "என் அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அவளை வைக்கலாம் என்று இருந்தேன்."

"அவள் அம்மாவைப் போர்ட் டிக்சன் கடலில் கரைத்தோம். இவளையும் அங்கேதான் கரைக்க வேண்டும்," என்றேன்.

அவர் மறுக்கவில்லை. ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாமா என்று தேவாலய அலுவலகத்தில் விசாரித்துவிட்டு வந்தார். முடியாதாம். இறந்தவருக்கு ஒரே இடம்தான் என்பது அந்நாட்டு நடைமுறை. "நீங்கள் அவளுடைய அப்பா. நீங்களே சொல்லுங்கள்," என்றார்.  அவர் வாதாடியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

என் பிடிவாதத்தின் வேர் லாபு பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் இருக்கிறது. அப்போது மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க ஆங்கிலேய அரசு அறிவித்த அவசரகாலம். நான் தோட்டப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியன். அப்பா, ரப்பர் பாலுக்காக மரம் வெட்டுவோரை மேற்பார்க்கும் மண்டோர். அம்மா காய்ச்சலில் இறந்து, எங்கள் டிவிஷனின் மலைச்சரிவில் புதைக்கப்பட்ட சில நாட்களில் உத்தரவு வந்தது. காட்டோரத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் அனைத்தும் காலியாக வேண்டும். எங்களை லாரிகளில் ஏற்றி, ரப்பர் ஆலைக்கு அருகே முள்கம்பி வேலிக்குள் இறக்கினார்கள். காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசியும் போய்ச் சேரக்கூடாது என்பது திட்டம். எனவே வேலைக்குப் போகிறவர்கள்கூடச் சோறு எடுத்துச் செல்லக்கூடாது. கேட்டில் ஐ.சி. என்னும் அடையாள அட்டையை நீட்டி, பாத்திரத்தையும் திறந்து காட்டிவிட்டே வெளியேற வேண்டும்.

பதினாறாம் நாள் அம்மாவுக்குப் படைப்பதற்காக அப்பா தூக்குச்சட்டியில் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டார். நான் வாழையிலையை வைத்திருந்தேன். கேட்டில் துப்பாக்கியுடன் நின்ற காவலன் பக்கத்துத் தோட்டத்துத் தமிழன்தான். அப்பாவை நன்கு அறிந்தவன்.

"என்னா மண்டோரே, சட்டியில?"

"செத்தவளுக்குச் சோறுப்பா. படைச்சிட்டு வந்துடுறேன்."

"செத்தவங்க சாப்புட மாட்டாங்க லா. காட்டுல இருக்கிறவன்தான் சாப்புடுவான்."

"அப்ப நீயும் கூட வா. காக்கா திங்கிறத நின்னு பாத்துட்டு வந்துரு."

"காக்காவுக்கு ஐ.சி. இருக்கா?"

வேலைக்குப் போக வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்ததைத்தான் என்னால் இன்றுவரை பொறுத்துக்கொள்ள முடியவில்லை. திரும்பி வந்து, வேலிக்கு உட்புறமாக, அந்தச் சரிவு இருந்த திசை பார்த்து இலையை விரித்தார். கம்பிக்கு அப்பாலிருந்து எவனாவது எட்டி எடுத்துவிடுவான் என்று சொல்லி அதையும் அகற்றச் செய்தார்கள். படையலை நாங்களே வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

கட்டுப்பாடு நீங்கி நாங்கள் அங்கே போனபோது சரிவு முழுவதையும் இயந்திரத்தால் படிக்கட்டுகளாக வெட்டிப் புதுக்கன்றுகள் நட்டிருந்தார்கள். அப்பா ஒவ்வொரு படியாக ஏறி இறங்கினார். எங்கே குனிந்து கும்பிடுவது என்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை. போக முடியாத இடத்தில் என்னுடையவர்களை விடக்கூடாது என்ற எண்ணம் அன்று எனக்குள் ஊன்றியது. கடல் என்றால் யாரும் வேலி போட முடியாது; பேருந்து ஏறினால் போய் நிற்கலாம்.

மருமகனின் தாயார், என் சம்பந்தியம்மா, அந்த ஏரிக்கரை ஊரில் பிறந்தவர் அல்லர். இரண்டாம் உலகப் போரில் எல்லைக்கோடு நகர்ந்தபோது அவருடைய கிராமம் சோவியத் பக்கம் போய்விட்டது. மக்களைச் சரக்கு ரயிலில் மாட்டோடு மந்தையோடு ஏற்றி இந்த ஊருக்கு அனுப்பினார்கள். ஊரார் வீட்டில் ஓர் அறை ஒதுக்கித் தந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் "ரஷ்யாக்காரி" என்று ஏசினார்கள். ஏரியையும் ஆலையையும் காட்டுவதைப் போலவே, இதையும் எவ்வித உணர்ச்சியுமின்றிச் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை எங்களைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார். பைன் மரங்களுக்கு அடியில், மற்றவற்றிலிருந்து விலகி, ஒரு கல் நின்றது. அதைச் சுற்றிப் பனியில் மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன.

"இது யாருடையது?" என்று கேட்டேன்.

"யாரும் இதற்கடியில் இல்லை," என்று மருமகன் மொழிபெயர்த்தார். "வேறிடத்தில் புதைக்கப்பட்டவர்களுக்காக வைத்தது. அம்மாவின் அம்மா எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். அம்மா இங்கே வந்துதான் விளக்கேற்றுவார்."

கேட்டில் நடந்ததை அப்போது அவர்களிடம் சொன்னேன். என் மனைவியைத் தவிர வேறு எவரிடமும் அதைச் சொன்னதில்லை.

சம்பந்தியம்மா கேட்டார். "கடைசியில் காகத்துக்குக் கிடைத்ததா?"

"இல்லை. நாங்களே சாப்பிட்டுவிட்டோம்."

அவர் ஒருமுறை சத்தமாகச் சிரித்து, கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "கொண்டுபோங்கள். முடிந்திருந்தால் என் அம்மாவை நான் முதுகில் சுமந்தாவது வந்திருப்பேன்."

அதை எனக்குச் சொல்லி முடிக்க மருமகனுக்கு வெகுநேரம் ஆயிற்று. சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கல்லின் அடியில், ஏற்கெனவே எரியும் விளக்குகளுக்கு நடுவே, அவளுக்காக இன்னும் ஒன்றை வைக்க எங்கே இடமிருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.

"அவள் இங்கேயே இருக்கட்டும்," என்றேன்.

அப்படிச் சொன்னதால் மனம் அமைதியுற்றது என்று எழுதினால் அது பொய். நிலம் ஆழம்வரை உறைந்துபோய் இருந்தது. இளகியபின்தான் குழி தோண்டுவார்கள். அங்கே தங்க எனக்கிருந்த அனுமதி அதுவரை நீளவில்லை. அலமாரியின் கதவைத் தொட்டுவிட்டு விமானம் ஏறினேன். எதிரே மண் கிடக்க, மண்ணில் வைக்காமல் வந்தேன். சிரம்பான் வீட்டில் பல இரவுகள் அந்த முடிவை மாற்றிவிட நினைத்துத் தொலைபேசி வரை சென்று திரும்பியிருக்கிறேன்.

மே மாதத்தில் மருமகன் அழைத்தார்.

"மாமா, இன்று வைத்துவிட்டோம். நாளை உங்கள் முறைப்படி ஏதாவது செய்ய வேண்டுமா என்று அம்மா கேட்கிறார்."

"பால் தெளிக்க வேண்டும்."

மறுமுனையில் பேச்சு நடந்தது. "காய்ச்சிய பாலா?"

"தேவையில்லை. ஒரு டம்ளர் போதும்."

மீண்டும் பேச்சு, இம்முறை நீண்டது. "இவ்வளவு தூரம் வந்தவளுக்கு ஒரு டம்ளரா என்கிறார். ஒரு லிட்டர் கொண்டுபோகப் போகிறாராம். பரவாயில்லையா?"

"கொண்டுபோகச் சொல்லுங்கள்," என்றேன்.