நான்கு பின் ஓட்டைகள்

ஆறு வருடமாக உங்கள் முகத்தை ஏறெடுத்தும் பார்க்காத ஒருவர், திடீரென்று "சாப்பிட்டாச்சாம்மா?" என்று கேட்டால் நீங்கள் நம்புவீர்களா?

தையற்கடை அக்கா நம்பவில்லை. குடியிருப்போர் சங்கச் செயலாளர் கையில் கோப்போடு கடை வாசலில் நின்று அப்படித்தான் கேட்டார். நகராட்சியின் காலிமனையில் பொதுத் தோட்டம் போடலாம் என்று அவர் கிளம்பி மூன்று வாரம் ஆகிறது. அன்றிலிருந்தே அக்காவுக்கு உள்ளூர ஓர் உறுத்தல். ஆனாலும் ஆசை விடவில்லை. ஒரு தொட்டிச் செடிக்குக்கூட வீட்டுக்காரர் இடம் தராத வாடகை வீடு அவருடையது. நாலடிக்கு எட்டடிப் பாத்தி கிடைக்குமென்று நகராட்சிக்கான மனுவில் கையெழுத்துப் போட்டார். தினமும் காலையில் மற்ற வாடகைக்காரர்களோடு போய் அந்த மனையில் செங்கல் துண்டும் கண்ணாடிச் சில்லும் பொறுக்கினார். சொந்த வீட்டுக்காரர்கள் மாடியிலிருந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"உங்க கையெழுத்துக்குப் பக்கத்துல போன் நம்பர் மட்டும் போட்டுடுங்க" என்றார் செயலாளர்.

அக்கா தாளைப் புரட்டினார். கையெழுத்துத் தாளின் மூலையில் நான்கு ஸ்டேப்ளர் பின் ஓட்டைகள். அதற்கு மேலிருந்த முதல் தாளில் இரண்டே இரண்டு.

"பிரிச்சுத் தச்சிருக்கீங்க போலிருக்கே, சார்."

"பின் சரியா ஏறலம்மா. திரும்ப அடிச்சேன்."

"அப்ப மேல் தாள்லயும் நாலு இருக்கணுமே."

"தோட்டம் போடச் சொன்னா ஓட்டைய எண்ணிக்கிட்டு இருக்கீங்க."

"என் பொழப்பே ஓட்டை போடுறதுதான் சார்" என்றபடி அக்கா முதல் தாளைப் படித்தார். 'குடியிருப்போர் அனைவருக்கும்' என்றிருந்த இடத்தில் இப்போது 'சங்க உறுப்பினர்களுக்கு' என்றிருந்தது. உறுப்பினராகச் சொந்த வீடு வேண்டும். குப்பை பொறுக்க வாடகைக்காரன் கை போதும். கீரை பறிக்க மட்டும் பத்திரம் வேண்டுமாம்!

"ஒரு வார்த்தைதானேம்மா மாறியிருக்கு?"

"அந்த ஒரு வார்த்தைக்குள்ளதான் சார் என் பாத்தி இருந்துச்சு."

தன் கையெழுத்தை அடித்துத் தேதி போட்டார். கோப்பைத் திருப்பித் தராமல் எதிர்ச் சலவைக்கடைக்கு நடந்தார். செயலாளர் பின்னாலேயே ஓடினார். முப்பது கையெழுத்து இல்லாமல் நகராட்சி மனையைத் தராது. மற்ற வாடகைக்காரர்களும் அடித்துவிட, மாலைக்குள் மிஞ்சியது பத்தொன்பது.

மீதிக்காகச் செயலாளர் இப்போது வீடு வீடாக ஏறி இறங்குகிறார். உங்கள் கதவையும் தட்டலாம். 'குடியிருப்போர் அனைவருக்கும்' என்று உங்கள் கண்முன்னே எழுதச் சொல்லுங்கள். அதுவரை பேனாவைத் தொடாதீர்கள்.