சனிக்கிழமை முறை வண்டி

ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் மூன்று மேதைகள் இருந்தோம். இது நாங்களாகச் சொல்லிக்கொண்டதில்லை. கொரட்டூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் அறிவாளிப் பிள்ளைகளுக்கென்று சனிக்கிழமை வகுப்பு நடத்தியவர்கள் ஒரு பரீட்சை வைத்துச் சொன்னார்கள். அதை எங்கள் அம்மாக்கள் குழாயடியில் வைத்து ஊருக்கே சொன்னார்கள். பக்கத்து வீட்டுப் பையன், எதிர் வரிசை ஸ்டோர் கிளார்க்கின் மகள், அப்புறம் நான். அது எண்பதுகளின் கடைசி, எனக்கு ஐந்தாம் வகுப்பு.

ஆவடியில் ரயில் ஏறினால் கொரட்டூரில் இறங்கிவிடலாம். ஆனால் மூன்று வீட்டுப் பெரியவர்களும் கூடிப் பேசி, ரயில் கூட்டத்தில் நசுங்கினால் பிள்ளைகள் படித்ததெல்லாம் மறந்துபோகும் என்று முடிவு கட்டினார்கள். ஆகவே வாரம் ஒரு அப்பா, முறை வைத்து, தன் ஸ்கூட்டரில் மூன்று பேரையும் கொண்டுபோய்விட்டுக் கூட்டிவர வேண்டும். ஒரே ஸ்கூட்டரில் நான்கு பேர் நசுங்குவது மூளைக்கு நல்லது போலிருக்கிறது.

பின்சீட்டில் இரண்டு பேர். முன்னால், ஓட்டுகிறவரின் முழங்கால்களுக்கு நடுவே, ஒருவர் நின்றுகொள்ளலாம். முந்தின வாரம் யார் அதிக மார்க் வாங்கினார்களோ அவர்களுக்குத்தான் அந்த இடம். அங்கே நின்றால் காற்றும் வாங்கலாம், பூச்சியும் விழுங்கலாம். எனக்கு அது எப்போதாவதுதான் வாய்த்தது. இந்த விதியைப் போட்டவரே என் அப்பாதான்.

அப்பா விதிகளால் ஆன மனிதர். தொழிற்சாலையில் ஆட்களை ஏற்றிப்போகும் வண்டிகளுக்கு அவர் பொறுப்பு. தலையை எண்ணிப் பார்க்காமல் வண்டி எடுக்கக் கூடாது, ஒரு தலை குறைந்தாலும் நகரக் கூடாது என்பது அங்கே சட்டம். அதை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார். கோயிலுக்குப் போனால்கூட எங்களை எண்ணுவார். நாங்கள் மொத்தமே மூன்று பேர்தான்.

வருஷக் கடைசியில் ஒரு பரீட்சை வந்தது. அதில் தேறினால்தான் அடுத்த வருஷமும் வகுப்பு. எனக்கு அது வேண்டும். மேதையாவதற்காக இல்லை, நான் கேள்வி கேட்டால் தலையில் குட்டாத ஒரே வகுப்பு அதுதான்.

அன்று அப்பா முறை. இரண்டு வீட்டு வாசலிலும் ஹாரன் அடித்தார். இரண்டிலும் பூட்டு. தேங்காய் உடைக்கக் கோயிலுக்குப் போயிருப்பார்கள், வந்துவிடுவார்கள் என்று ஸ்கூட்டரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டார். நான் பென்சில் டப்பாவைத் திறந்தேன், மூடினேன். போகலாம்பா என்று கெஞ்சினேன். கடைசியில் அழுதேன்.

"ஆள் வராம வண்டி எடுக்கக் கூடாதும்மா. நாம போனப்புறம் வந்து நின்னா அதுங்க என்ன பண்ணும்?" என்றார்.

அதுங்க என்ன பண்ணின என்பது பிற்பாடு தெரிந்தது. பரீட்சை நாளில் மற்ற இரண்டையும் முந்திவிட வேண்டும் என்று இரண்டு வீட்டிலும் தனித்தனியாக ரகசியத் திட்டம் போட்டு, விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பி, ஆவடி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் ஒருவர் முகத்தில் ஒருவர் முழித்திருக்கிறார்கள். கூட்டத்தில் நசுங்கியும் இரண்டு பேருக்கும் எதுவும் மறக்கவில்லை. இரண்டும் தேறிவிட்டன.

இரண்டு வீட்டாரும் காலையிலேயே போய்விட்டதாகப் பால்காரர் சொன்ன பிறகுதான் அப்பா வண்டியை எடுத்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பள்ளிக்கூடத்தின் கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "இன்னா சார், இந்நேரத்துக்கு வந்துகினு? பரிச்சை ஆரம்பிச்சிட்சி, தொறக்கக் கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க," என்றார். சட்டம் என்றதும் அப்பா ஸ்கூட்டரைத் திருப்பிவிட்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்த வாரம் முழுக்க அவரோடு பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டாலும் அம்மா வழியாகத்தான் பதில்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் லட்டோடு வந்தார். மகன் தேறியதைச் சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டு, மெதுவாக ஆரம்பித்தார்.

"போன வாரம் உங்க முறை. யாரும் உங்க வண்டியில வரல. நாளைக்குப் புது வகுப்பு ஆரம்பிக்குது. அப்படிப் பாத்தா அந்த முறை இன்னும் பாக்கியிருக்கு சார்."

அம்மா டம்ளரை எடுத்த வேகத்தில் அவர் எழுந்துவிட்டார். அப்பா மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, கணக்குப்படி சரிதான் என்றார். அம்மா அன்று இரவு எண்ணெய்ச் சட்டியைத் தேய்த்த சத்தம் சேக்காடு வரைக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் காலையில் ஜன்னல் வழியே பார்த்தேன். அப்பா ஸ்கூட்டரைத் துடைத்து நிறுத்தியிருந்தார். முதல் மார்க் வாங்கிய பையன் உரிமையோடு முன்னால் ஏறப் போனான். அப்பா கையால் மறித்து, இரண்டு பேரையும் பின்சீட்டுக்கு அனுப்பினார்.

"நான்தான் அங்கிள் ஃபர்ஸ்ட்," என்றான் பையன்.

"தெரியும். முன்னாடி ஆள் வருது."

பையன் சுற்றிப் பார்த்தான். யாரும் வரவில்லை. அப்பா வண்டியைக் கிளப்பவில்லை. ஜன்னல் பக்கமும் திரும்பவில்லை. தெருமுனையில் அன்றைக்கு நின்ற மாதிரியே, ஒரு தலை குறைகிறது என்று ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் செருப்பைத் தேடவில்லை. வெறுங்காலோடு படியிறங்கி ஓடி அவர் முழங்கால்களுக்கு நடுவே ஏறி நின்றேன். அப்பா எங்களை எண்ணிவிட்டு வண்டியை எடுத்தார்.