தங்கத்தின் அப்பா

போன செவ்வாய்க்கிழமை மன்னவனூரிலிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. "ஐயா தவறிட்டாங்க. உங்களுக்கு எழுதச் சொல்லி அம்மா சொன்னாங்க" என்று வேலுச்சாமியின் மகன் எழுதியிருந்தான். மலையில் உங்களில் பலர் அவரை உருளைக்கிழங்கு போடுகிறவராக அறிவீர்கள். கொடைக்கானல் விடுதியில் என்னோடு படித்தவர்களுக்கு அவர் தங்கத்தின் அப்பா.

ஐம்பத்தேழில் உலகமெல்லாம் சுற்றிய அந்த ஃப்ளூ காய்ச்சல் எங்கள் மலைக்கும் ஏறியது. விடுதி கேட்டைப் பூட்டி, பெற்றோர் யாரும் வரக்கூடாது என்றார்கள். முதலில் படுத்தவர்களில் நானும் ஒருத்தி. எனக்குப் பதினாலு வயது. பக்கத்துக் கட்டில் தங்கம், கிட்டே போகாதே என்று வார்டன் அம்மா சொல்லியும் கேட்காமல், எனக்கு வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தாள். நெற்றியில் ஈரத்துணி போட்டாள். நான் எழுந்தேன், அவள் படுத்தாள். காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, ஐந்தாம் நாள் போய்விட்டாள்.

அதன்பின் எனக்குச் சோறு இறங்கவில்லை. பேச்சும் நின்றுபோயிற்று. காய்ச்சல் விட்ட பலவீனம் என்று டானிக் கொடுத்தார்கள். மனசில் என்ன கிடக்கிறது என்று பிள்ளைகளைக் கேட்கும் வழக்கம் அப்போது யாருக்கும் இல்லை. மதுரையிலிருந்த என் அப்பா, பாடத்தை விட்டுவிடாதே என்று எழுதினார்.

கேட் திறந்தபின் வந்த முதல் மாதக் கடைசி ஞாயிறு, பெற்றோர் பார்க்க வரும் நாள். தங்கத்தின் அப்பா வந்து நின்றார். பாதி தூரம் நடை, பாதி தூரம் மூட்டை லாரி. மகளின் பெட்டியை எடுத்துப்போக வந்திருக்கிறார் என்று வார்டன் அம்மா நினைத்தார். அவரோ என்னைக் கேட்டார். நான் துணி துவைக்கும் இடத்தில் ஒளிந்துகொண்டேன். தேடி வந்து, ஈரத்தரை என்றும் பாராமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் நானே சொன்னேன்.

"என்கிட்டருந்துதான் அவளுக்கு ஒட்டிச்சு."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"காய்ச்சல் எல்லா ஊருக்கும் வந்துச்சு தாயி. நீ கூப்பிட்டா வந்துச்சு? எம்புள்ள ஒனக்கு வெந்நி குடுத்தான்னா, அவ நல்ல புள்ள. அத ஒரு தப்பாக்கிராத."

பிறகு துணிப்பையிலிருந்து அவித்த கிழங்கை எடுத்துத் தோலுரித்துக் கொடுத்தார். அழுதுகொண்டே நாலு கிழங்கு தின்றேன்.

அடுத்த மாதமும் வந்தார். நான் பள்ளியிறுதி எழுதும்வரை மூன்று வருடம், மழையோ பனியோ, ஒரு மாதம்கூடத் தவறவில்லை. படிப்பைப் பற்றி விசாரித்ததே இல்லை. நன்றாகத் தூங்குகிறாயா, யாரோடு சிரித்துப் பேசுகிறாய் என்றுதான் கேட்பார். ஏன் இவ்வளவு தூரம் வருகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "அந்த ஞாயிறு வந்தா காலு தன்னால கெளம்பிருது. வந்த எடத்துல ஒரு புள்ள இருந்தா போதும்" என்றார்.

கார்டு கிடைத்த மறுநாள் மன்னவனூர் போனேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஒன்னப் பாத்துட்டு வந்தா ரெண்டு நாளு யார்கிட்டயும் பேச மாட்டாரு தாயி. போக வேணாம்னு சொன்னாலும் கேக்க மாட்டாரு."

எனக்கு இது தெரியாது. தன் மகள் எட்டாமல் போன வயதுகளில் நான் வளர்வதை அவர் மாதாமாதம் வந்து பார்த்திருக்கிறார். ஒரு மனிதரால் இது எப்படி முடிந்தது என்று நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது.

நான் பிழைத்தது குற்றம் இல்லை என்ற நம்பிக்கையை அவரிடமிருந்து பெற்று வைத்திருக்கிறேன். அதை எனக்குச் சொல்லும் உரிமை தங்கத்தைப் பெற்றவர்களுக்குத்தான் இருந்தது. அவர் நடந்து வந்து சொன்னார்.