டொக்டருக்கு வாயில் வராத சொல்

மருந்து கொடுக்கிற வேலை பார்த்தவர்களே, உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை: டொக்டரின் கையெழுத்தோடு மாரடித்துவிடலாம், அவருடைய இரக்கத்தோடு மாரடிக்க ஏலாது.

எண்பதுகளின் பிற்பாதியில் யாழ்ப்பாணத்துப் புங்குடுதீவில் ஒரு தனியார் டிஸ்பென்சரியில் இருந்தேன். எங்கள் டொக்டருக்கு 'இல்லை' என்ற சொல் வாயில் வராது.

சம்பந்தியம்மாவின் வருத்தம்

மடத்துவெளி அக்கா ஒருவர், இரவில் சுற்றுகிற ஹெலிகொப்டர்ச் சத்தத்தில் நித்திரை இல்லை என்று வந்தார். டொக்டர் தூக்கக் குளிசை எழுதினார். அக்கா கதிரையை விட்டு எழும்பவில்லை. மண்கும்பானிலிருந்து வந்து நிற்கிற சம்பந்தியம்மாவுக்கும் வேண்டுமாம். ஆளைப் பாராமல் எழுதக் கூடாத குளிசை அது. டொக்டர் எழுதிவிட்டார்.

"சம்பந்தியம்மாவுக்கு என்ன நோய், என்ன வருத்தமெண்டு பதியிறது?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"அவவுக்கு ஒரு வருத்தமும் இல்லைத் தம்பி. அவ நித்திரை கொண்டால்தான் நாங்கள் நித்திரை கொள்ளலாம்."

லெட்சுமி, வயது நாலு

யாரோ முறைப்பாடு போட, பட்டினத்திலிருந்து பரிசோதகர் வந்தார். கடும் நோவுக்குப் போடுகிற பெதடின் ஊசி ஒவ்வொன்றுக்கும் ஆளின் பெயர், வயது, வருத்தம் பதிய வேண்டும். வாசித்துக்கொண்டு போனவரின் விரல் ஓரிடத்தில் நின்றது.

"லெட்சுமி. வயது நாலு. பிள்ளைப்பேறு."

பரிசோதகரின் முகம் வெளிறிப்போனது. டொக்டர் தலையைக் குனிந்தார். வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அண்ணைதான் ஆறுதல் சொன்னார்:

"பயப்படாதையுங்கோ ஐயா, தாயும் கன்றும் சுகம். இப்ப ரெண்டு நேரமும் பால் கறக்கிறம்."

சாட்சி

விசாரணை யாழ்ப்பாணத்தில். தொழில் செய்கிற உரிமையே பறிபோகலாம் என்று கேள்விப்பட்டு டொக்டர் சாப்பாட்டை விட்டிருந்தார். சனம் சும்மா இருக்குமா? அவருக்காகப் பேச ஒரு பஸ் நிறைய வந்துவிட்டது. மண்டைதீவில் மீன்பிடிக்கிற ஒருவர் முதலில் எழும்பி, கைகூப்பி, கண்கலங்கிச் சொன்னார்:

"டொக்டர் தெய்வமய்யா. நான் அவரை இண்டைக்குத்தான் முதல்முதல் காணுறன். ஆனால் மாதம் தவறாமல் குளிசை அனுப்புவார்."

தடைக்குப் பிறகு

உரிமை தப்பியது. ஒரு வருடத்துக்குத் தூக்கக் குளிசையும் பெதடினும் எழுதக் கூடாது என்று தடை.

அதன்பிறகு, நித்திரை இல்லை என்று ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வந்தார். எழுதவும் ஏலாது, வெறுங்கையோடு அனுப்பவும் மனமில்லை. டொக்டர் கதிரையைக் கிட்ட இழுத்து, மனிதனுக்கு நித்திரை எப்படி வருகிறது என்று ஆதியோடந்தமாக விளக்கத் தொடங்கினார். மூளையைத் தாண்டி நரம்புக்கு வருமுன்னரே வாத்தியார் குறட்டை. எழும்பியதும் முகமெல்லாம் மலர்ச்சி.

"நல்லாய்ப் பிடிக்குது டொக்டர். இது சாப்பாட்டுக்கு முந்தியோ, பிந்தியோ?"

ஆகவே அன்பர்களே, தண்டனை டொக்டருக்கு என்றுதான் எழுதினார்கள், ஆனால் அந்த விளக்கத்தை வருடம் முழுக்கக் கண் மூடாமல் கேட்டவன் நான்.