குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி எதுவும் இல்லை

காலை ஏழு இருபதுக்கு மணவாளன் ஈரத் துணியால் நேற்றைத் துடைத்துக்கொண்டிருப்பார். மேலிருந்து கீழாக நான்கு இழுப்பு, குறுக்கே இரண்டு. பலகை காயும்வரை பிளேடால் சாக்பீஸின் முனையைச் சீவுவார். ஏழு ஐம்பதுக்குச் சங்கு ஊதும்போது அன்றைய தேதியும், அந்தத் தேதியில் பிறந்தவர்களும், செத்தவர்களும், கவிழ்ந்த ராஜ்யங்களும் முத்து முத்தான எழுத்தில் வாயிலில் நிற்கும். கடைசி வரி மட்டும் எந்த நாளும் மாறாது: ‘தகவல்: வ. மணவாளன், டைம் ஆபீஸ்.’

பலகை அதற்காக வைக்கப்பட்டதல்ல. புதுவாயல் கூட்டுரோட்டுக்கு அருகே இருக்கும் அந்த போல்ட் கம்பெனி, விபத்து நேராமல் கழிந்த நாட்களை எண்ணிக் காட்ட அதை மாட்டியது. எண்ணை மாற்றுவது, ஆட்களின் வருகையும் லீவும் பார்க்கும் டைம் ஆபீஸ் குமாஸ்தாவின் வேலை. முதல் மாதம் மணவாளன் ஒரு மூலையில் நெப்போலியனுக்கு இடம் கொடுத்தார். ஒரு வருஷத்துக்குள் நெப்போலியன் வகையறா முழுப் பலகையையும் வளைத்துக்கொண்டது. விபத்து எண் வலது கீழ் மூலையில் தபால்தலை அளவுக்கு ஒடுங்கிப்போனது.

பக்கத்து ஊரான ஆரணியிலிருந்து சைக்கிளில் வருகிறார். வயது நாற்பத்தொன்பது. சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒன்று சிவப்பு. பழவேற்காட்டுப் பக்கத்து மீனவர்களும், நேற்றுவரை அடுத்தவன் வயலில் நாற்று நட்ட காலனிக்காரர்களுமாக முந்நூறு பேர் அவர் எழுத்தைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். அவர்களுக்கு உலகத்தைக் காட்டிக்கொண்டிருப்பதாக அவர் நம்புகிறார்.

“இன்னிக்கி யாரு சார் செத்தது? எளவுக்குப் போவணுமா?” என்று தினம் ஒருவனாவது கேட்பான்.

“உனக்கெல்லாம் சரித்திரம் சொல்லி இன்னாடா பிரயோஜனம்? மீனு எந்தத் தேதியில பொறந்துச்சுன்னு கேளு, சொல்றேன்” என்பார். சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். அந்த ஹாஸ்யத்தைக் கம்பெனி மூன்று வருஷமாகக் கேட்டுவருகிறது.

அவர் பிறந்தது பிப்ரவரி பன்னிரண்டு. பள்ளிச் சான்றிதழில் ஜூலை ஒன்று என்றுதான் இருக்கிறது. அது தலைமையாசிரியர் வகுப்பு முழுவதற்கும் போட்ட தேதி. அவருடைய அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் தைக் கடைசி, வீட்டு மாடு கன்று போட்ட மறுநாள் என்பதுதான். தைக் கடைசியில் வரும் தேதிகளையெல்லாம் புத்தகத்தில் தேடிப் பார்த்து, லிங்கனும் டார்வினும் ஒரே வருஷத்தில் ஒரே நாளில் பிறந்த பன்னிரண்டாம் தேதியை மணவாளன் எடுத்துக்கொண்டார். கன்றை விட்டுவிட்டார். “அந்தத் தேதிக்கு ஒரு இது கீதுப்பா. சும்மா போவாது” என்பார்.

இந்த 1972 பிப்ரவரி பன்னிரண்டிலும் அந்தத் தேதி சும்மா போகவில்லை. லிங்கன், டார்வின், முடி துறந்த கடைசிச் சீனச் சக்கரவர்த்தி, கங்கையில் கரைக்கப்பட்ட காந்தியின் அஸ்தி என்று பலகை நிரம்பியிருந்த காலையில், பிரஸ் மெஷினில் வேலை செய்த மாரியப்பனின் இரண்டு விரல் நுனிகள் போயின. பலகையில் நூற்று நான்கை அழித்து சைபர் போட வேண்டும். தன் பிறந்த நாளன்று ஒரு சைபரை எழுத மணவாளனுக்கு மனம் வரவில்லை. மறுநாள்தான் போட்டார். கம்பெனிக் கணக்கில் மாரியப்பனின் விரல்கள் ஒரு நாள் தாமதமாகத்தான் துண்டாயின.

எல்லாம் ஒரு புத்தகத்திலிருந்து வருகிறது. மூர் மார்க்கெட்டில் வாங்கியது, லண்டனில் அச்சானது, யுத்தத்துக்கு முந்தையது. பிற்பாடு நடந்தவற்றைச் செய்தித்தாளிலிருந்து வெட்டி அதில் ஒட்டுகிறார். யாரையும் தொட விடமாட்டார். காரணம், ஏப்ரல் ஒன்பது முதல் இருபத்துமூன்று வரையுள்ள தாள்களைக் கரையான் தின்றுவிட்டது. ஒட்டுவதற்குக்கூட அங்கே தாள் இல்லை. அந்தப் பதினைந்து நாளும் அவர் ஒரே வரியைத்தான் எழுதுவார்: ‘இன்று உலகில் குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி எதுவும் இல்லை.’ அவருடைய லிங்கன் சுடப்பட்டது ஏப்ரல் பதினான்கு. டைட்டானிக் பனிப்பாறையில் மோதியதும் அதே தேதி. மணவாளனின் உலகம் அன்று ஓய்வெடுத்துக்கொள்ளும்.

மற்ற வருஷங்களில் சித்திரைப் பிறப்பு பெரும்பாலும் பதினான்கில் விழுந்து, கம்பெனிக்கு விடுமுறையாகிவிடும். இந்த வருஷம் பதின்மூன்றிலேயே வந்துவிட, பதினான்கு வேலை நாளானது. பன்னிரண்டாம் தேதி, காலனியைச் சேர்ந்த லேத் ஆபரேட்டர் ஆசீர்வாதம் இருபத்திரண்டு லீவுச் சீட்டுகளை ஒன்றாகக் கொண்டுவந்தான். பதினான்காம் தேதி பிற்பகல் அரை நாள். மணவாளன் அனுப்பினால்தான் சீட்டு மேனேஜர் மேசைக்குப் போகும்.

“அன்னிக்கி இன்னா விசேஷம்?”

“அம்பேத்கர் பொறந்த நாளு சார். கூட்டுரோட்ல ஊர்வலம். மொதோ தபா பேண்டு வச்சிக்கீறோம்.”

மணவாளன் மேசைக்குக் கீழே புத்தகத்தைத் திறந்து, இல்லாத தாளைப் புரட்டினார். “அப்படி எதுவும் புக்குல இல்லியேப்பா. லண்டன் புக்கு இது.”

அவருக்குத் தெரியாததல்ல. வருஷாவருஷம் செய்தித்தாளில் பார்க்கிறார். ஆனால் உண்டு என்று ஒப்புக்கொண்டால், புத்தகத்தில் ஏன் இல்லை என்று அடுத்த கேள்வி வரும். அதோடு, ஆசீர்வாதம் சொல்லி ஒரு பெயர் பலகையில் ஏறுவதா? சிவப்புப் பேனாவைத் திறந்து இருபத்திரண்டு சீட்டிலும் ‘காரணம் போதாது’ என்று எழுதினார். ஒவ்வொன்றிலும் எழுத்து முத்து முத்தாக இருந்தது. ஆசீர்வாதத்தின் எதிரிலேயே சீட்டுகளை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

பதினான்காம் தேதி காலை வழக்கமான அந்த வரி பலகையில் நின்றது. காலனிக்காரர்கள் வாயிலைத் தாண்டவில்லை. மற்றவர்களும் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள்.

“சார், போர்டுல இன்னா எழுதிக்கிறீங்க?” என்றான் ஆசீர்வாதம்.

“படிக்கத் தெரியும்ல, படி.”

“படிச்சிட்டுத்தான் கேக்குறேன். நாங்க பொய் சொல்லி லீவு கேட்டோம்னு ஆவுதே. புக்கக் கொண்டாங்க. இன்னிக்கித் தேதி போட்ட தாளக் காட்டுங்க. அதுல அவரு பேரு இல்லன்னா லீவே வாணாம். கம்முனு போய் மிசின்ல நிக்கிறோம்.”

“கண்டவனும் தொட்டா தாளு கிழிஞ்சிடும்டா.”

டைம் ஆபீஸைப் பெருக்கிக்கொண்டிருந்த பூவம்மாள் துடைப்பத்தோடு வெளியே வந்தாள்.

“தாளு இருந்தாத்தானே சார் கிழியும்?”

“உன் வேலையப் பாரு பூவம்மா.”

“என் வேலதான் சார் அது. நடுவுல பூராவும் செல்லு தின்னுட்டுக் கீது. நீங்க நாஷ்டாவுக்குப் போறப்ப நான்தானே புக்க ஒதறி, மண்ணத் தட்டி வாரிக் கொட்றேன். போன வருசம் ஒரு மொறம் கொட்னேன் ஆசீர்வாதம்.”

 பின்னாலிருந்து அரசப்பன் என்ற மீனவன் கேட்டான்: “அப்ப வருசா வருசம் பதினஞ்சு நாளு ஒலகத்துல ஒண்ணும் நடக்காம இருந்தது செல்லாலயா நைனா?”

வாயிலில் நின்ற கூட்டம் முழுக்கச் சிரித்தது. காவலாளியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். மாரியப்பன் குட்டை விரல்களைத் தூக்கிக் காட்டி, “என் வெரலயும் செல்லுதான் துன்னுச்சுன்னு எழுதிடு சார்” என்றான்.

 மணவாளன் உள்ளே போய் இழுப்பறையைத் திறந்தார். ஆசீர்வாதம் எதிரே நின்றுகொண்டான். இருபத்திரண்டு சீட்டிலும் சிவப்பு எழுத்தை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இந்த முறை எழுத்து முத்தாக வரவில்லை. சீட்டுகளை மேனேஜர் அறைக்கு ஆசீர்வாதமே எடுத்துப் போனான். திரும்பி வரும்போது, எட்டரைக்கு வரும் மேனேஜரின் மேசையில் வைத்துவிட்டதாகச் சொன்னான். போகிற போக்கில் ஈரத் துணியை எடுத்து அந்த வரியைத் துடைத்தான். மணவாளன் சீவி வைத்திருந்த சாக்பீஸ் அழுத்தியதும் முறிந்தது. மிச்சத் துண்டால், மேலேறிக் கீழிறங்கும் பெரிய எழுத்துகளில், ‘டாக்டர் அம்பேத்கர் பிறந்த நாள் 1891’ என்று எழுதினான். துணி கடைசி வரியையும் சேர்த்துத் துடைத்துவிட்டிருந்தது. மூலையில் விபத்து எண் அறுபத்தொன்று மட்டும் மிஞ்சியது. மாரியப்பனின் விரல் கணக்கில் சரியான எண் அறுபத்திரண்டு.

இரண்டாம் சங்கு ஊதியது. எல்லோரும் உள்ளே போனார்கள். பூவம்மாளும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஷெட்டுப் பக்கம் போய்விட்டாள்.

மணவாளன் வெளியே வந்து பலகையைப் பார்த்தார். எட்டு இருபது. சாலையில் மேனேஜரின் கார் இன்னும் தெரியவில்லை. பையிலிருந்து புது சாக்பீஸை எடுத்து பிளேடால் முனையைச் சீவினார். இரண்டு பக்கமும் ஒரு முறை பார்த்துவிட்டு, ஆசீர்வாதத்தின் கோணல் எழுத்துகளுக்குக் கீழே, நேராக, முத்து முத்தாக எழுதினார்: ‘தகவல்: வ. மணவாளன், டைம் ஆபீஸ்.’