வாழையிலையில் பதினேழு கண்ணாடிகள்

பாளையங்கோட்டை பாக்கியசீலன் எடுத்த கோயில் படங்களைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். எல்லாமே வாசலுக்கு வெளியே நின்று எடுத்தவை. கோபுரம் இருக்கும், தெப்பக்குளம் இருக்கும், தேரடியில் முறுக்கு விற்கிறவள்கூட இருப்பாள். உள்ளே ஒரு தூண் இருக்காது. அவர் பிறந்த சாதிக்கே கோயில் நடை கிடையாது. போதாததற்கு இரண்டு தலைமுறைக்கு முன்பே கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்த குடும்பம்.

அதற்காக அவர் வருத்தப்பட்டுக் கொண்டிருந்த ஆள் இல்லை. மிஷன் பள்ளிக்கூடத்துத் துரை ஒருவரிடம் புகைப்பட வேலை கற்று, முக்காலியில் நிற்கும் பெரிய பெட்டி ஒன்றைச் சொந்தமாக்கியிருந்தார். தாமிரபரணிக் கரைக் கோயில்களையும் சனங்களின் அன்றாடத்தையும் பிடித்து அனுப்பும்படி, மதராஸில் தபால் அட்டை அச்சிடும் வியாபாரி ஒருவர் கேட்டிருந்தார். 1911 சித்திரையில் காஜா முகைதீனின் மாட்டுவண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு மேற்கே புறப்பட்டார்.

புறப்பட்ட அன்று காலையில் மகள் அன்னப்பூவை ஒரு படம் எடுத்தார். ஆறு வயது. அதுவரை எடுத்த படத்திலெல்லாம் ஆடி அசைந்து, வெறும் புகைபோலக் கலைந்து போனவள். அன்று கோழிக்குஞ்சு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு, அப்பா நாலு எண்ணிப் பெட்டிக் கண்ணை மூடுகிற வரை இமைக்கவில்லை.

"போதுமாப்பா? செத்தவ மாதிரி இருந்தேம்லா?"

"ஏட்டி, வாயக் கழுவு," என்று தாய் ஞானதங்கம் முதுகில் ஒன்று வைத்தாள்.

அந்தக் கண்ணாடித் தகட்டை அவர் அன்றே கழுவவில்லை. சித்திரையில் பாளையங்கோட்டைக் கிணற்றுத் தண்ணீரே சுடும். சூட்டில் கண்ணாடிமேல் பூசிய பசை இளகிப் படத்தோடு வழிந்துவிடும். பாபநாசத்து அருவித் தண்ணீர்தான் அதற்கு லாயக்கு. எடுத்த தகடுகளைக் கறுப்புத் தாளில் சுற்றி, வெளிச்சம் படாமல் தகரப் பெட்டியில் கொண்டுபோய் அங்கே மொத்தமாகக் கழுவுவது அவர் வழக்கம். கழுவி முடிக்கும் முன்னால் ஒரு கீற்று வெளிச்சம் பட்டாலும் தகடு குருடாகிவிடும்.

பத்தாம் நாள் அம்பாசமுத்திரத்தில் அவரைத் தேடி ஆள் வந்தது. ஊரில் பேதி. அன்னப்பூவை அடக்கம் செய்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஞானதங்கம் அழுது ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. "படத்தக் கொண்டாரச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்," என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

"வண்டியத் திருப்பிருவமா அண்ணாச்சி?" என்றார் காஜா முகைதீன்.

"வெறுங்கையோடயா? பாபநாசம் இந்தா இருக்கு. படத்தக் கழுவி எடுத்துக்கிட்டே போயிருவோம்."

வழியில்தான் அந்தக் கோயில் இருந்தது. ஆற்றோரச் சிற்றூர் ஒன்றின் சிவன் கோயில். அதன் தர்மகர்த்தா குற்றாலலிங்கம் பிள்ளை, தம் கோயில் தூண்கள் தபால் அட்டையில் வரவேண்டும் என்று ஆசைப்பட்டு, உள்ளே படம் பிடிக்கச் சம்மதித்திருந்தார். அதுவும் மறுநாள் ஒரு காலைக்கு மட்டும். பாக்கியசீலனின் வாழ்நாளில் அப்படி ஒரு சம்மதம் வந்ததில்லை. ஒரு மணி நேரம் என்று நினைத்தார். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றிப் பிற்பாடு மனைவியைத் தவிர அவர் யாரிடமும் பேசியதில்லை.

"நீரு வாசலோட நில்லும் வே. உம்ம பொட்டி வரலாம். மரத்துக்கு ஏது சாதி?" என்று சொல்லி, அந்தப் பேச்சைத் தாமே ரசித்துச் சிரித்தார் பிள்ளை.

பெட்டியைத் தூக்கிப்போக வந்தவன் கோயிலில் பூக்கட்டும் பண்டாரம், நெல்லையப்பன். மூடியை எப்படி எடுப்பது, எவ்வளவு நேரம் கழித்து மூடுவது என்று வாசலில் வைத்தே அவனுக்குப் பாடம் நடந்தது.

"முந்நூறு எண்ணணும். பைய எண்ணும்."

"எண்ணிக்கை நமக்கு வராது வே. ஒரு பதிகம் பாடுதேன். பதினோரு பாட்டு முடியவும் மூடிருதேன்."

"பாடும்போது பெட்டியில கை பட்டுரக் கூடாது."

"எஞ்சாமிக்கு நான் பாடுதேன். உம்ம பொட்டி எதுக்கு வே நடுங்கப் போவுது?"

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வண்டிக்குள் அடுப்பு மாதிரி காந்தியது. பாக்கியசீலன் தகரப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார், சுட்டது. பசை இளகினால் போயிற்று. அதையும் பண்டாரத்திடம் கொடுத்தார்.

"இதக் கல்மண்டபத்து நிழல்ல வச்சிரும். பத்திரம். என் மக படம் இருக்கு. செத்து நாலு நாளாச்சு."

சொல்லியிருக்க வேண்டாம். பத்து நாள் யாரிடமும் பேசாமல் இருந்தவர் மாதிரி, கேட்காமலே வாயில் வந்துவிட்டது.

பண்டாரம் நல்லவன். உச்சுக் கொட்டினான். உள்ளே போய்ப் பிள்ளையிடமும் அப்படியே சொன்னான்.

பதிகம் கேட்கவில்லை. பாக்கியசீலன் வாசல் வழியே எட்டிப் பார்த்தார். கொடிமரத்துக்கு அந்தப் பக்கம், திறந்த வெளியில், நீளமாக வாழையிலை விரித்திருந்தது. பண்டாரம் குத்தவைத்து, கறுப்புத் தாளைப் பிரித்துப் பிரித்து, ஒவ்வொரு கண்ணாடியாக இலையில் வரிசை வைத்துக் கொண்டிருந்தான். பதினேழு. பாலாடை நிறத்தில் இருந்த பூச்சு வெயிலில் ஊதாவாகிக் கொண்டிருந்தது. ஒருவர் செம்பிலிருந்து மாவிலையால் தண்ணீர் தெளித்தார்.

"மூடுங்க! ஐயா, மூடுங்க!"

இனி மூடிப் பயனில்லை என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் கத்தினார். கத்திக்கொண்டே ஒரு காலை நிலைப்படிக்கு உள்ளே வைத்துவிட்டார். காவல்காரனின் கம்பு முழங்காலில் விழுந்தது. அவர் உட்கார்ந்த இடம் வாசலுக்கு வெளியே.

பிள்ளை நிதானமாக வந்தார்.

"ஏலே, எழவு வீட்டுத் தீட்டோட பொட்டியக் குடுத்து விட்டுட்டு, காலையும் வைக்கியா? தண்ணி தெளிச்சு, வெயில் காட்டித் தீட்டுக் கழிச்சாச்சு. உன் சாமானெல்லாம் இப்ப உன்னையவிடச் சுத்தம். நீ கால் வச்சதுக்கு இனி நாங்க நடையச் சாத்திப் பரிகாரம் பண்ணணும். அது யாரு பாடு?"

பாக்கியசீலன் கும்பிட்டார். எதற்குக் கும்பிடுகிறோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"தூண் படமும் இல்ல, மண்ணும் இல்ல. வந்ததுக்கு என்னைய ஒண்ணு எடுத்துட்டுப் போ."

உள்ளேயிருந்து படப்பெட்டியும், பட்டு அங்கவஸ்திரமும், வெள்ளிப் பூண் பிரம்பும் வந்தன. வண்டியில் புதுத் தகடு ஒன்று மிச்சம் இருந்தது. கோபுரத்தடியில் குற்றாலலிங்கம் பிள்ளை நின்றார். பாக்கியசீலன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு வந்து நாலு எண்ணினார்.

பண்டாரம் கண்ணாடிகளை அடுக்கிக் கொண்டுவந்து தந்தான். மேலே ஒரு துண்டு மல்லிகைச் சரம் வைத்திருந்தான்.

"ஒரு தூசு இல்லாமத் தொடச்சிருக்கேன் வே. எதுலயும் உம்ம மகளக் காணலியே? எல்லாம் வெறுங்கண்ணாடியாத்தான இருக்கு?"

காஜா முகைதீன் அடுக்கை வாங்கி வண்டியில் வைத்தார். மாட்டைப் பூட்டி மேற்கே ஓட்டினார்.

பாபநாசத்தில் கூடாரத்தை இருட்டாக்கி, அருவித் தண்ணீரில் பதினெட்டையும் கழுவினார். பதினேழும் கன்னங்கறேலென்று வந்தன. பதினெட்டாவது பழுதில்லாமல் வந்தது. பிரம்பின் பூண், அங்கவஸ்திரத்தின் மடிப்பு, பிள்ளையின் காதோரத்து ஒற்றை மயிர் வரை அத்தனை துல்லியம். மதராஸ் வியாபாரி அதைத் 'தென்னாட்டுப் பெரிய மனிதர்' என்று அட்டையாகப் போட்டார். பாக்கியசீலன் கைப்பட எடுத்த படங்களில் அதிகம் விற்றது அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் ஞானதங்கம் கையை நீட்டினாள். எது மகளுடையது என்று அவருக்கே தெரியாது; மேலாக இருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அவள் கேட்டமாதிரித் தெரியவில்லை. கண்ணாடியை வாசல் வெளிச்சத்தில் பிடித்தாள், திருப்பிப் பிடித்தாள்.

"கரி பிடிச்சிருக்கு," என்றாள்.

"அது கரி இல்ல தங்கம்."

அவள் அடுப்படியிலிருந்து சாம்பலை அள்ளினாள். விளக்குச் சிம்னி துலக்குகிற மாதிரி, ஓரத்திலிருந்து நடுவாக, நகக்கண் வலிக்கத் தேய்த்தாள். பசை சுருள் சுருளாக உரிந்து வந்தது. தடுக்கப் போன அவர் கையைத் தட்டிவிட்டு, இன்னும் ஒரு பிடி சாம்பல் வைத்தாள். கடைசியில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, முந்தானையால் துடைத்துத் தூக்கிப் பிடித்தாள். அந்தப் பக்கம் அவள் விரல்கள் ஐந்தும் தெளிவாகத் தெரிந்தன.

"அடுத்ததக் குடுங்க," என்றாள்.